அத்தி பூத்ததைப் பார்த்தவர் உண்டா?

கேள்வி: பிப்ரவரி 18, 2024

“அத்தி பூத்தாற்போல வந்திருக்கிறாய்” என்று அத்தை நேற்றுகூடச் சொன்னார். எங்கள் கிணற்றடியில் ஒரு அத்தி மரம் நிற்கிறது. முப்பது வருடமாகக் காய்க்கிறது, பழுக்கிறது, விழுந்து ஈ மொய்க்கிறது. ஒரு பூவைக் கண்டதில்லை. நடுச்சாமத்தில் பூத்து விடியுமுன் மறைந்துவிடும் என்கிறார்கள் பெரியவர்கள். யாராவது பார்த்ததுண்டா? இல்லை, அத்தி பூப்பதே கிடையாதா?

பிப்ரவரி 18, இரவு

நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள், அதுதான் பூ என்று யாரும் சொல்லாததால் தெரிந்திருக்காது. கோலிக்குண்டை விடச் சிறிதாக, பச்சையாக இருக்கும் பிஞ்சு ஒன்றைப் பறித்து பிளேடால் நெடுக்காக வெட்டுங்கள். பால் வடியும், துடைத்துவிடுங்கள். நடுவில் வெற்றிடம் இருக்கும். அதன் சுவர் முழுக்க மெல்லிய இழைகள் உள்பக்கம் பார்த்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு இழையும் ஒரு பூ. ஒரு பிஞ்சுக்குள் ஆயிரக்கணக்கில் உண்டு.

சூரியகாந்தியின் தட்டை எடுத்து, ஓரங்களை மேலே இழுத்துச் சுருக்குப்பை மாதிரி வாயைக் கட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் அத்திக்காய். பூவெல்லாம் பைக்குள் இருக்கிறது, நாம் பையின் வெளிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு பூவைத் தேடுகிறோம். நடுச்சாமக் கதை உண்மையில்லை.

பிப்ரவரி 19

பழைய தமிழில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: கோளி. பூவாமல் காய்க்கும் மரம் என்று பொருள். ஆல், அத்தி, பலா எல்லாம் அந்தக் கணக்கில் வரும். பலா பூக்கத்தான் செய்கிறது, அந்தப் பூ பூ மாதிரி இருக்காது, அவ்வளவுதான். ஆனால் ஆலையும் அத்தியையும் பலாவையும் ஒரே கூடையில் போட்டார்களே, அதை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. இன்றைய தாவரவியலிலும் இவை மூன்றும் ஒரே குடும்பம்தான்.

பிப்ரவரி 20

பூ உள்ளே மூடிக் கிடந்தால் மகரந்தம் எப்படிப் போய்ச் சேரும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இதைச் சுருக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காம்புக்கு எதிர்ப்பக்கம், காயின் நுனியில் தொப்புள் மாதிரி ஒரு குழி இருக்கும். செதில்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து அடைத்துக்கொண்டிருக்கும் வாசல் அது. உள்ளே பெண்பூக்கள் தயாரானதும் காய் ஒரு வாசனையை விடும். அந்த வாசனை ஒரு குளவிக்காக. கூரையில் கூடு கட்டிக் கொட்டுகிற குளவியை நினைக்காதீர்கள். இது எள்ளைவிடச் சிறியது, ஒன்றிரண்டு மில்லிமீட்டர், யாரையும் கொட்டாது. அத்திக்கு ஒரு குளவி, ஆலுக்கு வேறு, அரசுக்கு வேறு. உலகத்தில் இந்த இனத்து மரங்கள் 750-க்கு மேல் உள்ளன. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் அதனதன் குளவி. நம் நாட்டு அத்தியின் குளவிக்கு அறிவியலில் செரட்டோசோலென் ஃபுசிசெப்ஸ் என்று பெயர்.

பெண் குளவி அந்த வாசலில் தலையைக் கொடுத்து நெருக்கிக்கொண்டு உள்ளே போகும். வழி அவ்வளவு இறுக்கம். இறக்கை பிய்ந்து வாசலிலேயே நின்றுவிடும், உணர்கொம்பின் நுனியும் ஒடியும். போனால் போனதுதான், திரும்பி வருவதில்லை. தான் பிறந்த காயிலிருந்து மார்பில் உள்ள சிறு பைகளில் கொண்டுவந்த மகரந்தத்தை இந்தப் பூக்களில் வைக்கும், முட்டையும் இடும். சில பூக்களுக்குச் சூல்தண்டு, அதாவது சூல்பையின் மேல் நிற்கும் தண்டு, குட்டை; சிலவற்றுக்கு நீளம். பெரும்பாலும் முட்டையிடும் குழல் எட்டிய பூவில் குளவிக்குஞ்சு வளரும், எட்டாத பூவில் விதை விளையும். மரமும் குளவியும் போட்டுக்கொண்ட பாகப்பிரிவினை இது. அப்புறம் அந்தத் தாய் உள்ளேயே செத்துப்போகும்.

நாலைந்து வாரம் கழித்து ஆண்கள் முதலில் வெளிவரும். இறக்கை கிடையாது, கண் பேருக்குத்தான், உடம்பு வெளிர்மஞ்சள். பெண்கள் இன்னும் தத்தம் பூவறைக்குள் இருக்கும்போதே சுவரைக் கடித்துத் துளைத்து இணைசேரும். பிறகு ஆண்கள் கூட்டாகச் சேர்ந்து காயின் சுவரைக் குடைந்து ஒரு வழி செய்யும். அதோடு அவற்றின் காலம் முடிந்தது. உள்ளே ஆண்பூக்கள் அப்போதுதான் முதிர்ந்திருக்கும். பெண்கள் அந்த மகரந்தத்தை வாரிப் பையில் அடைத்துக்கொண்டு ஆண்கள் குடைந்த வழியாக வெளியேறும். வெளியே ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. அதற்குள் வாசல் திறந்த பிஞ்சுள்ள இன்னொரு மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பேறுகாலம், கல்யாணம், இழவு மூன்றும் ஒரே வீட்டுக்குள். கல்யாணப் பந்தல் மட்டும் வெளியே தெரிவதில்லை.

பிப்ரவரி 20, சற்று நேரம் கழித்து

ஒன்றை விட்டுவிட்டேன். குளவிகள் போன பிறகுதான் காய் சிவந்து, மெத்தென்று ஆகி, இனிக்கத் தொடங்கும். முன்னால் அது பழுத்தால் வௌவால் தின்றுவிடும், குஞ்சுகள் எல்லாம் போய்விடும். மரம் காத்திருக்கிறது.

பிப்ரவரி 23

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. படித்துறையை ஒட்டி ஓர் அத்தி. அடிமரத்திலிருந்தே கொத்துக்கொத்தாகக் காய் பிடிக்கும், சின்னப் பிள்ளைகூடக் கை நீட்டிப் பறிக்கலாம். எங்கள் ஆச்சி பழத்தை அப்படியே வாயில் போட விடமாட்டாள். இரண்டாகப் பிட்டு, புறங்கையில் தட்டி, “ஃபூ” என்று ஊதி, வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தருவாள். “அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். எனக்கு அது பழத்தைப் பற்றிய வசவாகத்தான் கேட்டது. வெளியே பளபளப்பு, உள்ளே அழுக்கு என்கிற பொருளில்தானே எல்லாரும் சொல்கிறோம்.

பல வருடம் கழித்து, அது புழு கிடையாது, வழி செய்துவிட்டுச் செத்த ஆண் குளவி என்று தெரிந்துகொண்ட நாளில் எனக்கு ஆச்சி ஞாபகம்தான் வந்தது. அவளிடம் போய்ச் சொல்ல முடியாமல் போயிற்று. “பூத்தாற்போல” என்ற பழமொழியும் “அத்தனையும் புழு” என்ற பழமொழியும் ஒரே விஷயத்தின் இரண்டு பாதி. இந்தப் புழு இல்லாவிட்டால் அந்தப் பூ விதையாகாது. இரண்டையும் தனித்தனியாக வாயில் வைத்துக்கொண்டு எத்தனை தலைமுறை பேசியிருக்கிறோம்.

பிப்ரவரி 24

“அத்தனையும் சொத்தை” என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள் என்று மதுரைக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, இரண்டும் வழக்கில் இருக்கிறது. எனக்கு ஆச்சியின் புழுவே போதும்.

பிப்ரவரி 27

இந்தப் பேச்சு தொடங்கியதிலிருந்து காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை படித்துறை மரத்துக்குப் போகிறேன். நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கையில் இருக்கிறது. இன்று பார்த்துவிட்டேன்! பாதி வளர்ந்த காய்களின் மேல் நாலைந்து குளவிகள். வாலில் உடம்பைவிட நீளமான ஊசி. அந்த ஊசியைக் காயில் குத்தி நின்றுகொண்டிருந்தன. அத்திக்குப் பூச்சூட்டும் குளவியைக் கண்ணால் பார்த்த மகிழ்ச்சியில் காப்பி ஆறிப்போனது.

மார்ச் 1

27-ஆம் தேதி எழுதியது தப்பு. அந்தக் குளவிகள் மகரந்தம் கொண்டுவருபவை அல்ல. நானே எழுதியதை நானே கவனித்திருக்க வேண்டும்: மகரந்தக் குளவி வாசல் வழியாக உள்ளே போகும், அதற்கு நீள ஊசி எதற்கு? இவை வெளியில் நின்றபடியே காயின் சுவரைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கிறவை. சில, பூவைத் தின்னும் குஞ்சுகளை வைக்கின்றன. சில, உள்ளே வளரும் மற்றக் குளவிக்குஞ்சுகளின் மேல் தம் குஞ்சை விடுகின்றன. மகரந்த வேலை எதுவும் செய்வதில்லை. அத்தியை நம்பி இப்படிப் பல வகைக் குளவிகள் உண்டு.

கோபம் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். கள்ளப் பயல்கள் என்று ஒரு நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்த ஊசியைப் பற்றிப் படித்தேன். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இந்த அத்தியையும் அதன் குளவிகளையும் வைத்தே நீண்ட நாளாக ஆராய்கிறார்கள். அங்கே அப்போக்ரிப்டா என்ற ஒட்டுண்ணிக் குளவியின் ஊசியைச் சோதித்து 2014-இல் எழுதியிருக்கிறார்கள்: தலைமுடியை விட மெல்லிய அந்த ஊசியின் நுனியில் பற்கள், அந்தப் பற்களில் துத்தநாகம். பச்சைக் காயின் கெட்டிச் சுவரை அத்தனை மெல்லிய ஊசி வளைந்து ஒடியாமல் துளைப்பதற்கு நுனியில் உலோகம் ஏற்றி வைத்திருக்கிறது. தச்சு ஆசாரி துரப்பணத்துக்கு எஃகு முனை வைப்பது போல. திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

மார்ச் 2

முசுறு எறும்பு ஏறிய கிளையில் ஊசிக் குளவி குறைவு. இன்று எண்ணிப் பார்த்தேன்: முசுறு இல்லாத கொத்தில் ஒன்பது, முசுறு ரோந்து போகும் கொத்தில் ஒன்று. ஊசியைக் குத்திவிட்டால் அந்தக் குளவியால் சட்டென்று உருவிக்கொண்டு பறக்க முடியாது, எறும்பு வந்து பிடித்துவிடும். மரத்துக்குக் காவல் கிடைக்கிறது. எண்ணி முடிக்கும்போது என் கழுத்தில் மூன்று முசுறு.

மார்ச் 4

“அப்படியானால் அத்திப்பழம் சைவமா?” என்று ஒருவர் கேட்டுவிட்டார், நம் பேச்சு இரண்டு நாளாக அதிலேயே நிற்கிறது. சமணர்கள் இந்தக் கேள்விக்கு ரொம்ப காலத்துக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்கள். ஆல், அரசு, அத்தி, பேயத்தி முதலிய ஐந்து மரங்களின் பழத்தை அவர்கள் உண்பதில்லை. உள்ளே உயிர்கள் இருக்கின்றன என்பதுதான் காரணம். லென்ஸ் இல்லாத காலத்தில் பழத்தைப் பிட்டு உற்றுப் பார்த்து எடுத்த முடிவு. அதை நான் மதிக்கிறேன். நான் சாப்பிடுகிறேன், ஆச்சி மாதிரி தட்டி ஊதி.

கடையில் விற்கும் உலர் அத்திக்கு இந்தக் கவலை வேண்டாம். அது சீமை அத்தி. குளவி இல்லாமலே காய்க்கும்.

மார்ச் 5

நேற்றைய கடைசி வரி பாதிதான் சரி. சீமை அத்தியில் இரண்டு விதம். புனே பக்கம் விளையும் வகைக்குக் குளவி தேவையில்லை, விதை பிடிக்காமலே பழமாகும். துருக்கியிலிருந்து வரும் ஸ்மிர்னா வகைக்குக் குளவி இல்லாவிட்டால் பிஞ்செல்லாம் உதிர்ந்துவிடும். அங்கே விவசாயிகள் ஆண் அத்தியின் காய்களைக் கோத்து, காய்க்கும் மரங்களில் சரமாகத் தொங்கவிடுகிறார்கள், குளவி வந்து சேரட்டும் என்று.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் சுவாரசியம். 1880-களில் கலிஃபோர்னியாவுக்கு ஸ்மிர்னா அத்தியைக் கொண்டுபோய் நட்டார்கள். மரம் செழித்தது, பழம் மட்டும் வரவில்லை. குளவி வேண்டும் என்று சொன்னவர்களைப் பலர் நம்பவில்லை, துருக்கிக்காரர்களின் மூடநம்பிக்கை என்று சிரித்தார்கள். 1899-இல் குளவியைக் கொண்டுவந்து அங்கே குடியேற்றிய பிறகுதான் காய் உதிராமல் நின்றது.

உலர் அத்தியைக் கடிக்கும்போது நறநறவென்று படுவது விதை, குளவி இல்லை. அந்தக் குளவி எள்ளைவிடச் சிறியது, அத்திப்பாலில் புரதத்தைக் கரைக்கும் நொதியும் இருக்கிறது.

மார்ச் 7

“எங்கள் ஊர்ப் பேயத்தி மரத்தில் பழத்தைப் பிட்டால் பூச்சியே இல்லை, வெறும் விதை. அடுத்த தெருப் பேயத்தியில் வெறும் பூச்சி. நீங்கள் எழுதியது போல ஒரே பழத்தில் இரண்டும் இல்லையே?” என்று தென்காசியிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்.

நல்ல கண் உங்களுக்கு. பேயத்தியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நீங்கள் பூச்சி பார்த்தது ஆண் மரம். அதில் குட்டைச் சூல்தண்டுப் பூக்கள், குளவிக்கு அதுதான் தொட்டில். விதை பார்த்தது பெண் மரம். அதில் எல்லாப் பூவுக்கும் தண்டு நீளம். குளவி எதை முயன்றாலும் முட்டையிடும் குழல் எட்டாது. அதற்கு வெளியிலிருந்து ஆண் மரத்துக் காயா, பெண் மரத்துக் காயா என்று தெரிவதில்லை. இறக்கையைக் கொடுத்து உள்ளே போய், பூப்பூவாகத் தேடி அலைந்து, கொண்டுவந்த மகரந்தத்தை எல்லாம் அங்கே விட்டுவிட்டு, ஒரு முட்டைகூட வைக்காமல் செத்துப்போகும். பெண் பேயத்தியில் நீங்கள் பார்த்த ஒவ்வொரு நல்ல விதையும் அப்படி வந்தது.

இதை எழுதிவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 8

காலையில் மறுபடி யோசித்தேன். பெண் மரத்துக் காயைக் குளவி அடையாளம் கண்டு ஒதுக்கக் கற்றிருந்தால் பேயத்தி என்றைக்கோ விதையற்றுப் போயிருக்கும், மரம் போனால் குளவியும் போயிருக்கும். ஏமாறுவதால்தான் இரண்டும் இருக்கின்றன. அந்த ஒரு குளவிக்கு இதனால் ஆறுதல் ஒன்றும் இல்லை என்பதும் தெரியும்.

மார்ச் 9

கொஞ்சம் வெளியே வருவோம். பழத்தை யார் யார் தின்கிறார்கள் என்று கேட்டீர்களே.

படித்துறை மரத்தில் நான் பார்த்தவை: குக்குறுவான், குயில், மைனா, பச்சைப் புறா, அணில், இரவில் பழந்தின்னி வௌவால். தண்ணீரில் விழுந்ததை மீன் கொத்தும், கரையில் விழுந்ததை நண்டு இழுக்கும். சங்கப் பாட்டு ஒன்றில் இந்த நண்டு வருகிறது. அத்திக்கு அங்கே அதவம் என்று பெயர். ஆற்றோரத்து வெள்ளைக் கிளை அதவ மரத்தின் ஒற்றைப் பழத்தை ஏழு நண்டுகள் மிதித்துக் குழைத்தது போல ஊரார் நாக்கு தன்னை மிதிக்கிறது என்கிறாள் ஒருத்தி. அத்திப்பழம் எவ்வளவு சீக்கிரம் குழையும் என்பது கரையில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். புலவர் பார்த்திருக்கிறார்.

வால்பாறையில் ஒருமுறை காட்டு அத்தி வகை ஒன்று காய்த்திருந்தபோது அதன் கீழ் அரை நாள் நின்றேன். பெரிய இருவாச்சி வந்தது. அது பறந்து வரும் சத்தம், மேலே யாரோ கனமான துணியை உதறிக்கொண்டே போவது போலிருந்தது. பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் பிளவு மட்டும் விட்டு, முட்டையிட்டு அடைகாக்கும். ஆண்தான் வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஊட்டும். தொண்டைக்குள் நிறைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக அலகு நுனிக்கு வரவழைத்து, பிளவு வழியாகக் கொடுக்கும். பெரும்பாலும் இந்த அத்தி இனத்துப் பழங்கள்தான்.

காட்டில் மற்ற மரங்கள் பருவத்துக்குப் பருவம்தான் பழுக்கும். இந்த இனம் மட்டும் அப்படியில்லை. ஒரு மரத்தில் எல்லாக் காயும் ஏறக்குறைய ஒன்றாக முதிரும், பக்கத்து மரம் வேறு மாதத்தில் இருக்கும். ஏன் என்று குளவியைக் கேட்டால் சொல்லும்: ஒரு மரத்திலிருந்து புறப்படும் குளவிக்கு அன்றைக்கு வேறொரு மரத்தில் பிஞ்சு இருந்தாக வேண்டும். ஒரு மாதம் எங்குமே பிஞ்சு இல்லையென்றால் அந்த வட்டாரத்தில் குளவி அற்றுப்போகும். அந்த எள்ளளவு பூச்சிக்காக மரங்கள் ஆளுக்கொரு மாதம் பிரித்துக் காய்க்க, அதில் இருவாச்சியும் சோலைமந்தியும் வருடம் முழுக்கப் பசியாறுகின்றன.

மார்ச் 10

திருத்தம். பச்சைப் புறாவை விதை பரப்பும் பறவைகளோடு சேர்த்து நினைத்துவிடாதீர்கள். அதன் இரைப்பை அத்தி விதையை அரைத்துவிடும். குக்குறுவானும் வௌவாலும்தான் முழு விதையாக வெளியே விடுகிறவை.

மார்ச் 12

அத்திவரதரை யாரும் சொல்லவில்லையே என்று ஒரு அம்மா குறைப்பட்டிருக்கிறார். சொல்லலாம். காஞ்சிபுரத்தில் குளத்துக்குள் இருக்கும் அத்திமரப் பெருமாள் 40 வருடத்துக்கு ஒருமுறை வெளியே வருகிறார். 1979, அப்புறம் 2019. அடுத்தது 2059. எங்கள் ஊர் ஆசாரி ஒருவர், அத்திக்கட்டையைக் காற்றில் வைத்தால் உளுத்துப்போகும், தண்ணீருக்குள் வைத்தால் தாங்கும் என்பார். நாற்பது வருடத்துக்கு ஒருமுறை என்பதால் “அத்தி பூத்தாற்போல” அவருக்கும் பொருந்தத்தான் செய்கிறது. நிஜ அத்தியோ வருடத்தில் பல தடவை பூக்கிறது.

மார்ச் 13

பனைமேல் ஆல் முளைப்பதும் இதோடு சேர்ந்த கதைதான். பனையின் மட்டை இடுக்கில் தூசியும் சருகும் சேர்ந்திருக்கும். அதில் பறவை எச்சம் விழும். ஆல விதை முளைத்து வேரைக் கீழே விட்டு, அது மண்ணைத் தொட்ட பிறகு சரசரவென்று பருக்கும். எங்கள் பக்கம் வயல் வரப்பில் பனையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆலைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் தாய்மரம் 1989-இல் புயற்காற்றில் சாய்ந்தது, விழுதுகள் நின்றுகொண்டன. அதை நேரில் பார்த்தபோது நான் விழுதைப் பார்க்காமல், கீழே கிடந்த சின்னச் சிவப்புப் பழங்களைத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14

இதை எழுத வேண்டாம் என்று நினைத்திருந்தேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் வாய்க்கால் கரையில் படித்துறைக்கும் பாலத்துக்கும் இடையில் பதினோரு அத்தி. இப்போது இரண்டு. கரைக்குக் கான்கிரீட் போட்டபோது ஒரே வாரத்தில் ஏழு மரங்களை வெட்டினார்கள். வேலை பார்த்த அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொண்டுபோனேன், “காய்க்காத மரம்தானே, பூகூடக் கிடையாது” என்றார் அங்கே இருந்தவர். அவருக்கு ஒரு காயை வெட்டிக் காட்டியிருக்க வேண்டும். அன்று எனக்குப் படபடப்பில் தோன்றவில்லை.

மரம் குறைந்தால் நிழல் குறையும் என்றுதான் அப்போது நினைத்தேன். ஒரு நாள் ஆயுளுள்ள பூச்சிக்கு வழியில் இருந்த வீடுகள் குறைந்தன என்று இப்போது நினைக்கிறேன்.

மார்ச் 15

நேற்றைய குறிப்பைப் படித்து வருத்தப்பட்டவர்களுக்கு. அந்தக் குளவி தூரம் போகும். நமீப் பாலைவனத்தில் ஓர் ஆற்றுப் படுகையை ஒட்டி அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் அத்திகளை ஆராய்ந்து, எந்த மரத்து மகரந்தம் எந்த மரத்துக்குப் போயிருக்கிறது என்று மரபணுவை வைத்துப் பார்த்தார்கள். 160 கிலோமீட்டருக்கு மேல்கூடப் போயிருக்கிறது. இறக்கை அடித்து அவ்வளவு தூரம் முடியாது. மரத்துக்கு மேலே எழும்பிக் காற்றில் தன்னை விட்டுவிடுகிறது, கீழிருந்து வாசனை வந்தால் இறங்குகிறது. 1883-இல் கிராக்கட்டோவா எரிமலை வெடித்து அந்தத் தீவே பொசுங்கியது. பக்கத்துக் கரை சுமார் 40 கிலோமீட்டர். அங்கே திரும்ப எழுந்த காட்டில் அத்தி இனம் பல உண்டு. விதையை வௌவாலும் பறவையும் கொண்டுபோயின. குளவி தனியாகக் கடல் தாண்டிப் போயிருக்கிறது.

எங்கள் இரண்டு மரத்துக்கு இடையில் அரை கிலோமீட்டர்தான். இருந்தாலும் பதினொன்று பதினொன்றுதான்.

மார்ச் 16

படித்துறை மரத்தில் காய்கள் முழு அளவுக்கு வந்துவிட்டன, இன்னும் பச்சை. பழைய மல் வேட்டியைக் கிழித்துச் சின்னப் பைகளாகத் தைத்து ஆறு காய்களுக்குக் கட்டியிருக்கிறேன். குளித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, “மரத்துக்கு என்ன, காயமா?” என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். துண்டைப் பிழிந்துகொண்டே, தானும் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார்.

மார்ச் 19

வந்துவிட்டன. காலையில் ஒரு பைக்குள் கருப்பாகப் பொடி தூவியது போலத் தெரிந்தது, பொடி நகர்ந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் இறக்கை நாலும் முழுசாக உள்ள பெண் குளவிகள். நூறு வரை எண்ணினேன், பிறகு குழம்பிவிட்டது. காயின் நுனிப்பக்கம் குண்டூசித் தலை அளவில் ஒரு துளை. அதன் விளிம்பில் மஞ்சளாக ஓர் ஆண், பாதி உடம்பு வெளியே, அசையவில்லை. பையில் நீள ஊசிக்காரர்களும் நாலு பேர் இருந்தார்கள்.

பையை அவிழ்த்து உதறினேன். ஒரு நொடி வெளிச்சத்தில் தூசி மாதிரி மேலே போயின, அப்புறம் கண்ணுக்குத் தெரியவில்லை. அண்ணாச்சியின் பையை அவரே அவிழ்க்கட்டும் என்று விட்டிருக்கிறேன். பாலத்து மரத்தை நான் ஒரு வாரமாகப் பார்க்கவில்லை.

மார்ச் 20

கேள்வி கேட்டவர் கிணற்றடி அத்தியின் பிஞ்சை வெட்டிப் படம் போட்டிருக்கிறார். அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினாராம். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “இத்தனை பூவா” என்றாராம்.

மார்ச் 20, மாலை

பாலத்து மரத்துக்குப் போனேன். அடிமரத்தில் பிஞ்சு, பட்டாணியை விடக் கொஞ்சம் பெரிது. நுனியை லென்ஸில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பதினாலாவது பிஞ்சில், வாசல் செதில்களுக்கு இடையில் கருப்பாக ஒரு பின்னுடம்பு, கால்கள் உந்திக்கொண்டிருந்தன. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, பாலத்தில் ஒரு பஸ் போனது. உந்தி உந்தி உள்ளே போய்விட்டது. வாசலில் இரண்டு இறக்கை ஒட்டிக்கொண்டு நின்றன, கண்ணாடி மாதிரி. ஒன்றைக் காற்று எடுத்துக்கொண்டது. மற்றது இன்னும் அங்கேதான் இருக்கிறது. எடுக்கவில்லை.